பிரிட்டன் பெண்கள்ல இன்னிக்கும் நம்ம வாழ்க்கைல நிக்கிறவங்க யாரு?

கார்த்திகைப்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிரிட்டன்ல பேர் வாங்கின பெண்கள் பத்தி கொஞ்ச நாளா தேடித் தேடிப் படிச்சிட்டிருக்கேன். எங்க போனாலும் அதே பத்துப் பேர்தான் வர்றாங்க, விக்டோரியா, எலிசபெத், டயானா, தாட்சர், அப்புறம் நைட்டிங்கேல், ஆளுக்கு ரெண்டு வரி, அதோட முடிஞ்சுது. அந்த ரெண்டு வரியைப் படிச்சா அவங்க என்ன செஞ்சாங்க, எப்படி செஞ்சாங்க, அது இப்ப எங்க இருக்கு, ஒண்ணுமே புரிய மாட்டேங்குது.

அரச குடும்பம் வேண்டாம். சினிமா, பாட்டு, ஃபேஷனும் வேண்டாம். அவங்க ஆரம்பிச்ச ஒரு முறையோ ஒரு சட்டமோ ஒரு அமைப்போ இன்னிக்கும் எங்கேயாவது தினமும் நடந்துக்கிட்டு இருக்கணும், செய்யறவங்களுக்கு அவங்க பேர் தெரியாட்டியும் பரவாயில்ல. அப்படி ஒரே ஒருத்தரைச் சொல்லுங்கன்னா யாரைச் சொல்வீங்க, ஏன்? லிங்க் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க, கொஞ்சம் விவரமா எழுதுங்க ப்ளீஸ்.

---

வார்டு_அக்கா:

நைட்டிங்கேலை அந்தப் பத்துப் பேர் லிஸ்ட்ல இருக்காங்கங்கிறதுக்காக ஒதுக்கிடாதீங்கம்மா. கைவிளக்கேந்திய காரிகைன்னு சொல்லிச் சொல்லியே அவங்க செஞ்ச பெரிய வேலையை எல்லாரும் மறந்துட்டாங்க. நான் நர்ஸ், வார்டுலயே காலம் போகுது, என்னைக் கேட்டா அவங்க போட்ட கணக்கைப் பத்திதான் முதல்ல பேசணும்.

1854 நவம்பர்ல, கிரிமியா போர் நேரத்துல, 38 பெண்களோட துருக்கில ஸ்கூட்டரிங்கிற இடத்துல இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றாங்க. அவங்க போனாங்க, எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் கதை சொல்வாங்க. ஆனா அந்த முதல் குளிர்காலத்துல சாவு கூடிக்கிட்டேதான் போச்சு, 1855 பிப்ரவரிலதான் உச்சம். கட்டடத்துக்கு அடியிலயே சாக்கடை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு, குண்டடி பட்டு வந்தவன் குண்டால சாகல, காலராவுலயும் பேதிலயும் டைஃபஸ்லயும் செத்தான். மார்ச்ல பிரிட்டன்லேர்ந்து ஒரு சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவி விட்டு, காத்து வர வழி பண்ணினப்புறம்தான் சாவு மளமளன்னு இறங்குச்சு.

லண்டன் திரும்பினதும் அவங்க சும்மா இருக்கல. வில்லியம் ஃபார்னு ஒரு புள்ளிவிவர நிபுணரோட உக்காந்து மாசாமாசம் எத்தனை பேர் எதனால செத்தாங்கன்னு பிரிச்செடுத்து 1858ல ஒரு படமா போட்டாங்க. வட்டத்தை 12 மாசத்துக்கு 12 துண்டா வெட்டி, தடுத்திருக்கக்கூடிய நோயால போனது நீலம், காயத்தால போனது சிவப்பு, மிச்சம் கறுப்பு, துண்டோட பரப்பளவுதான் எண்ணிக்கை. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க, நீலம் வெளியே வரைக்கும் விரிஞ்சு கிடக்கும், சிவப்பு நடுவுல கொஞ்சூண்டு இருக்கும். பக்கம் பக்கமா டேபிள் போட்டா மந்திரிங்க படிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சே போட்டது அது. லண்டன் புள்ளிவிவரச் சங்கத்துல முதல் பெண் உறுப்பினர் அவங்கதான். 1860ல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில நர்ஸ் ட்ரெய்னிங் ஸ்கூல் ஆரம்பிச்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா இன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரில இன்ஃபெக்‌ஷன் எத்தனை, சாவு எத்தனைன்னு எண்ணி சார்ட் போட்டு சுவத்துல ஒட்டறாங்க பாருங்க, அந்தப் பழக்கத்துக்கு ஆரம்பம் தேடிப் போனா அதுலயும் இவங்க வந்து நிப்பாங்க.

---

நதிக்கரை:

வார்டு அக்கா சொன்ன அதே நைட்டிங்கேல் ஸ்கூல்ல ரெண்டாம் உலகப்போர் நேரத்துல படிச்ச ஒருத்தரைத்தான் நான் சொல்ல வந்தேன். சிசிலி சாண்டர்ஸ். இங்க பாதிப் பேருக்கு இந்தப் பேர் புதுசா இருக்கும், ஆனா கேன்சர் கடைசிக் கட்டத்துல இருக்கிற ஒருத்தரை வீட்ல வச்சுப் பார்த்தவங்க யாரா இருந்தாலும் அவங்க யோசிச்சு வச்ச ஒரு விஷயத்தைக் கையால செஞ்சிருப்பாங்க.

முதல்ல நர்ஸ். முதுகுவலி வந்து நர்ஸ் வேலை செய்ய முடியாமப் போக, ஆஸ்பத்திரில நோயாளிகளோட குடும்பப் பிரச்சினையைப் பார்த்துக்கிற சமூகப் பணியாளரா மாறுறாங்க. அங்க டேவிட் டாஸ்மான்னு ஒரு போலந்துக்காரர், யூதர், ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்தவர், சொந்தபந்தம்னு யாருமில்ல, கேன்சர்ல செத்துக்கிட்டு இருக்கார். ரெண்டு பேரும் மணிக்கணக்கா பேசுவாங்க, இந்த மாதிரி ஆளுங்க நிம்மதியா சாகறதுக்குன்னு ஒரு இடம் இருந்தா எப்படி இருக்கணும்னு. 1948ல அவர் சாகும்போது 500 பவுண்டு எழுதி வச்சிட்டுப் போனார், உன் வீட்ல நான் ஒரு ஜன்னலா இருப்பேன்னு சொல்லிட்டு. அந்த ஜன்னலைச் சுத்தி வீட்டைக் கட்ட அவங்களுக்கு 19 வருஷம் ஆச்சு.

நடுவுல என்ன செஞ்சாங்கன்னா, நர்ஸ் சொன்னா டாக்டருங்க கேக்க மாட்டாங்கன்னு புரிஞ்சு, முப்பது வயசுக்கு மேல மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்து 1957ல டாக்டர் ஆனாங்க. அப்ப இருந்த வழக்கம் என்னன்னா, நோயாளி வலிக்குது வலிக்குதுன்னு கத்தினாதான் மார்ஃபின் ஊசி, அதுவும் அடிமையாயிடுவாங்கன்னு பயந்து பயந்து. இவங்க லண்டன்ல கிறிஸ்தவ அமைப்புங்க நடத்தின, சாகற நிலைல இருக்கிறவங்களுக்கான விடுதிகள்ல பார்த்ததையும் தான் குறிச்சு வச்சதையும் வச்சு வேற மாதிரி செஞ்சாங்க. வலி திரும்ப வர்றதுக்கு முன்னாடியே, மணிக்கணக்கு வச்சு, வாய் வழியா மார்ஃபின் குடுக்கறது. அப்படிக் குடுத்தா வலி எப்ப வருமோங்கிற பயமே போயிடும், பயம் போனா மருந்தோட அளவும் ஏறிக்கிட்டே போகாம நிக்கும், ஆள் தெளிவா இருந்து பேசுவார், சாப்பிடுவார். வலின்னா உடம்பு மட்டும் இல்ல, மனசு, குடும்பம், காசு, சாமி எல்லாமே அதுக்குள்ள இருக்கு, எல்லாத்தையும் சேர்த்துதான் பார்க்கணும்னு எழுதினதும் அவங்கதான்.

1967ல தெற்கு லண்டன்ல செயின்ட் கிறிஸ்டஃபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தாங்க. ரெண்டே வருஷத்துல நர்ஸ் வீட்டுக்கே போய்ப் பார்க்கற முறையும் ஆரம்பிச்சாச்சு. உலகம் பூரா இருக்கிற பாலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோய்ல இருக்கிறவங்களோட வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற சிகிச்சை, அந்த வாசல்லேர்ந்து கிளம்பினதுதான். 2005ல அவங்க இறந்ததும் அதே இடத்துலதான்.

எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இந்த மருந்து குடுத்திருக்கோம். அலாரம் வச்சு, வலி வர்றதுக்கு முன்னாடி. ராத்திரி அவர் தூங்கினார். அதுக்கு மேல இதைப் பத்தி எழுத எனக்கு வரல.

---

எதிர்காற்று:

எல்லாம் சரி, ஆனா தாட்சரை ஏன் இவ்ளோ ஈஸியா தூக்கிப் போடறீங்க? அவங்க கொள்கை புடிக்குதோ புடிக்கலையோ, 1980 வீட்டுவசதிச் சட்டத்துல கவுன்சில் வீட்ல, அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விட்ட வீட்ல இருந்தவங்களே தள்ளுபடி விலைக்கு அதை வாங்கிக்கலாம்னு கொண்டு வந்தாங்க, லட்சக்கணக்கான குடும்பம் சொந்த வீட்டுக்காரங்க ஆச்சு, அதே சமயம் வித்த வீட்டுக்குப் பதிலா புது வீடு போதுமான அளவுக்குக் கட்டலைங்கிறதால இன்னிக்கும் அங்க வாடகை வீட்டுப் பிரச்சினை ஓடுது. பாதிப்புன்னா இதுவும் பாதிப்புதானே? நல்லது செஞ்சவங்களை மட்டும் சொன்னா அது பாராட்டு விழா ஆயிடும்.

---

படிகம்:

எதிர்காற்று ப்ரோ, உங்க பாயிண்ட் சரிதான், ஆனா தாட்சரை எடுத்ததால அவங்க வாத்தியாரம்மாவைப் பத்திச் சொல்றேன். தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சது கெமிஸ்ட்ரி, சாமர்வில் காலேஜ்ல அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது டோரத்தி ஹாட்ஜ்கின். டீச்சர் இடதுசாரி, ஸ்டூடண்ட் எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியும், ஆனாலும் பிரதமர் ஆனப்புறம் தாட்சர் தன்னோட டவுனிங் தெரு அலுவலகத்துல ஹாட்ஜ்கினோட படத்தை மாட்டி வச்சிருந்தாங்க.

கேள்வில கேட்ட மாதிரி ஒரே ஒருத்தர்னா என் ஓட்டு இவங்களுக்குத்தான். ஒரு மருந்தோட மூலக்கூறு எந்த வடிவத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கற வேலை. அந்தப் பொருளைச் சின்னப் படிகமா வளர்க்கணும், அது மேல எக்ஸ்ரே விடணும், பின்னாடி ஃபிலிம்ல புள்ளி புள்ளியா விழும், அந்தப் புள்ளியெல்லாம் எவ்ளோ கறுப்பா இருக்குன்னு அளந்து, கணக்குப் போட்டு, எந்த அணு எங்க இருக்குன்னு பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கணும். இப்ப கம்ப்யூட்டர் போட்டுடும். அவங்க ஆரம்பிச்ச காலத்துல சைன், கோசைன் மதிப்பு அச்சடிச்ச அட்டைத் துண்டுங்களைப் பெட்டிலேர்ந்து எடுத்து வரிசையா அடுக்கி, கையால கூட்டிக் கூட்டிப் போட்டாங்க. இதுல இன்னொண்ணு, இருபத்தி சொச்சம் வயசுலயே அவங்களுக்கு முடக்குவாதம் வந்துடுச்சு, விரலெல்லாம் வளைஞ்சு போச்சு, அந்தக் கையாலதான் கண்ணுக்கே சரியாத் தெரியாத படிகத்தை எடுத்து வச்சு வேலை செஞ்சாங்க.

1945ல பெனிசிலின். அதோட நடுவுல நாலு அணு சேர்ந்த ஒரு சின்ன வளையம் இருக்குன்னு இவங்க காட்டினப்ப பெரிய பெரிய கெமிஸ்ட்ரி ஆளுங்களே நம்பல, அந்த வளையம் நிக்கவே நிக்காதுன்னாங்க. பாக்டீரியாவைக் கொல்ற வேலையைச் செய்யறதே அந்த வளையம்தான், இன்னிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற அமாக்ஸிசிலின் வரைக்கும் அதே வளையம்தான் உள்ளே உக்காந்திருக்கு. 1950கள்ல வைட்டமின் பி12. 1964ல நோபல். அறிவியலுக்காக நோபல் வாங்கின ஒரே பிரிட்டிஷ் பெண் இன்னிக்கு வரைக்கும் அவங்கதான். அப்ப ஒரு பத்திரிகை அந்தச் செய்திக்கு, ஆக்ஸ்ஃபோர்டு குடும்பத்தலைவிக்கு நோபல்னு தலைப்பு போட்டுச்சு, படிக்கும்போதே வயிறு எரியுது.

ஆனா எனக்கு இவங்களைப் புடிச்சது இன்சுலின் விஷயத்துலதான். 1935 வாக்குல முதல் எக்ஸ்ரே படம் எடுத்தாங்க. முழு வடிவம் கிடைச்சது 1969ல. நோபல் வாங்கினப்புறமும் விடல. அந்தக் கடைசிக் குழுவுல நம்ம எம். விஜயனும் இருந்தார், அப்புறம் இந்தியாவுல புரதப் படிகவியலை வளர்த்தவர். இன்சுலின் எப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதுன்னு தெரிஞ்சதாலதான் பின்னாடி வந்தவங்க அதைக் கொஞ்சம் மாத்தி சீக்கிரமா வேலை செய்யற இன்சுலினைச் செஞ்சாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பேனா ஊசி போட்டுக்கறவங்க எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க.

---

மின்மினி_22:

அப்ப ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்? டிஎன்ஏ படத்தைத் திருடிட்டு அவங்களுக்கு நோபல் குடுக்காம ஏமாத்தினாங்களே, அதை யாரும் சொல்லலையே.

---

படிகம்:

மின்மினி, கோபம் நியாயம்தான், ஆனா நடந்ததை நடந்த மாதிரியே சொல்லணும், அதுதான் அவங்களுக்கு மரியாதை. நீங்க சொல்ற அந்த டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை, 51ஆம் எண் படம்னு சொல்வாங்க, 1952 மே மாசம் எடுத்தது அவங்க வழிகாட்டுதல்ல இருந்த பிஎச்டி மாணவர் ரேமண்ட் காஸ்லிங். 1953 ஜனவரில, அதே காலேஜ்ல டிஎன்ஏ ஆராய்ச்சி பண்ணின வில்கின்ஸ், கேம்பிரிட்ஜ்ல கிரிக்கோட சேர்ந்து டிஎன்ஏ வடிவத்தைத் தேடிக்கிட்டிருந்த வாட்சனுக்கு அதைக் காட்டினார், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாம. அவங்க அளவுகள் இருந்த ஆய்வறிக்கையும் வேற வழில கிரிக் கைக்குப் போச்சு. அது தப்பு, சந்தேகமே இல்ல. அந்த மூணு பேருக்கும் நோபல் குடுத்தது 1962ல, அவங்க 1958லயே 37 வயசுல கேன்சர்ல போயிட்டாங்க, இறந்தவங்களுக்கு நோபல் கிடையாது.

எனக்கு வருத்தம் என்னன்னா, அவங்களை ஏமாந்தவங்களா மட்டுமே பேசறோம். டிஎன்ஏவை விட்டுட்டு பர்க்பெக் காலேஜ் போனப்புறம் புகையிலை மொசைக் வைரஸோட அமைப்பை அவ்ளோ சுத்தமா போட்டுக் காட்டினாங்க. அந்த வேலையை அவங்களோட இருந்த ஏரன் க்ளக் தொடர்ந்து 1982ல நோபல் வாங்கினார். வைரஸோட உடம்பை அணு அணுவா பார்க்கற துறைக்கு அஸ்திவாரம் போட்டவங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.

---

வாக்குச்சீட்டு:

சயின்ஸ் சயின்ஸ்னே போகுது. ஓட்டுரிமையை விட்டுட்டீங்களே! அதுலயும் எல்லாரும் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்தான் சொல்வாங்க, 1903ல மான்செஸ்டர்ல சங்கம் ஆரம்பிச்சது, ஜன்னலை உடைச்சது, ஜெயில்ல உண்ணாவிரதம், குழாய் விட்டு வலுக்கட்டாயமா ஊட்டினது, எல்லாம் உண்மை, அந்தத் துணிச்சல் இல்லாம விஷயம் பேப்பர்ல முதல் பக்கத்துக்கு வந்திருக்காது. ஆனா அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மில்லிசென்ட் ஃபாசெட்னு ஒருத்தர் இருந்தாங்க. 1866ல பெண்களுக்கு ஓட்டு வேணும்னு சுமார் 1500 பெண்கள் கையெழுத்து போட்ட மனு பாராளுமன்றத்துக்குப் போனப்ப அவங்களுக்கு 18 வயசு, கையெழுத்து போடற வயசு கூட ஆகல, கூட நின்னு வேலை செஞ்சாங்க. அதுலேர்ந்து கூட்டம், மனு, கடிதம், எம்பி எம்பியா போய்ப் பேசறதுன்னு அறுபது வருஷம். 1918ல 30 வயசுக்கு மேல சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கு மட்டும் கிடைச்சுது, 1928 ஜூலைலதான் ஆணுக்குச் சமமா 21 வயசுல. பாங்க்ஹர்ஸ்ட் அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடிதான் இறந்து போனாங்க. ஃபாசெட் உயிரோட இருந்து பார்த்தாங்க. லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்துல ஒரு பெண்ணுக்கு முதல் சிலை வச்சது 2018ல, அது ஃபாசெட்டுக்கு.

---

தீக்குச்சி:

ஓட்டு கேட்டவங்க பெரும்பாலும் படிச்ச வீட்டுப் பெண்கள். நான் சொல்ல வர்றது பேரே நிக்காத பெண்களை. 1888, கிழக்கு லண்டன்ல போ பகுதி, பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஃபாக்டரி. நம்ம ஊர்ல அடையாறுன்னு சொன்னதும் ஞாபகம் வர்ற அன்னி பெசன்ட் அப்ப லண்டன்ல பத்திரிகை நடத்திட்டிருந்தாங்க. அங்க வேலை செய்யற பொண்ணுங்களைப் பார்த்துப் பேசி ஜூன் 23ஆம் தேதி ஒரு கட்டுரை போட்டாங்க, பேசினா அபராதம், கால் அழுக்கா இருந்தா அபராதம், கிடைக்கற சொற்பக் கூலிலயே அவ்ளோ பிடித்தம்னு. அதோட வெள்ளை பாஸ்பரஸ் புகையை சுவாசிச்சு தாடை எலும்பே அழுகிப் போற நோய் வேற.

கம்பெனி என்ன பண்ணுச்சு, அந்தக் கட்டுரை பொய்னு கையெழுத்து போடுங்கன்னு பொண்ணுங்களைக் கேட்டுச்சு. போட மாட்டோம்னுட்டாங்க. அதுல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்ப, சுமார் 1400 பேர் எழுந்து வெளியே வந்துட்டாங்க. பெசன்ட் நடத்தின ஸ்ட்ரைக்னு புத்தகத்துல போடுவாங்க, ஆனா பெசன்ட் கேட்டது அந்தத் தீப்பெட்டியை வாங்காதீங்கன்னுதான், வேலைநிறுத்தம் பண்றதுன்னு முடிவு எடுத்தது அந்தப் பொண்ணுங்களே. சாரா சாப்மன் மாதிரி சில பேர்தான் வரலாற்றுல தப்பிச்சு நிக்கறாங்க. ஜூலை மாசத்துக்குள்ளயே அபராதம் போச்சு, சங்கம் வந்துச்சு, அடுத்த வருஷமே லண்டன் துறைமுகத் தொழிலாளிங்க பெரிய ஸ்ட்ரைக் பண்ணினாங்க. வெள்ளை பாஸ்பரஸுக்குச் சட்டப்படி தடை வர 1908 ஆச்சு, அமலுக்கு வந்தது 1910.

---

கோடு_தாத்தா:

ஐடி ஆளுங்க யாரும் வரலையா? ஏடா லவ்லேஸ் பத்தி எல்லாருக்கும் தெரியும், 1843ல, பாபேஜ்ங்கிறவர் திட்டம் போட்ட கணக்கு மெஷினுக்கு அது எப்படிக் கணக்குப் போடணும்னு படிப்படியா எழுதினவங்க, எண்ணை மட்டும் இல்ல இசையைக்கூட இந்த மாதிரி மெஷின் கையாளலாம்னு யோசிச்சவங்க. நான் ஸ்டெஃபனி ஷெர்லியைச் சொல்றேன். அஞ்சு வயசுல, 1939ல, நாஜிங்க கிட்டேருந்து தப்பிக்க அப்பா அம்மா ரயில்ல ஏத்தி அனுப்பிச்ச யூதக் குழந்தைங்கள்ல ஒருத்தர். 1962ல 6 பவுண்டு முதலீட்டுல சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சாங்க, கல்யாணம், குழந்தைன்னு வேலையை விட்ட பெண் ப்ரோக்ராமர்களை வச்சு, எல்லாரும் வீட்லேர்ந்தே வேலை, பேப்பர்ல ப்ரோக்ராம் எழுதித் தபால்ல அனுப்பணும். ஸ்டெஃபனின்னு கையெழுத்துப் போட்ட லெட்டருக்கு பதிலே வரல, ஸ்டீவ்னு போட்டதும் வர ஆரம்பிச்சுது. ஃபோன்ல க்ளையண்ட் பேசும்போது குழந்தை சத்தம் கேக்கக் கூடாதுன்னு டைப்ரைட்டர் சத்தத்தை டேப்ல ஓட விடுவாங்களாம். கான்கார்டு விமானத்தோட கறுப்புப் பெட்டிக்கு ப்ரோக்ராம் எழுதினது அந்தப் பெண்கள். 1975ல பாலினப் பாகுபாட்டுச் சட்டம் வந்து, ஆம்பளைங்களையும் எடுத்தே ஆகணும்னு ஆச்சு. அப்புறம் கம்பெனிப் பங்கை ஊழியர்களுக்கே பிரிச்சுக் குடுத்தாங்க. 2025ல காலமானாங்க. இப்ப வீட்லேர்ந்து லாகின் பண்றவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும் இவங்களை.

---

கார்த்திகைப்பூ:

இவ்ளோ வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. நதிக்கரை, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். எதிர்காற்று, பாராட்டு விழா ஆகக் கூடாதுன்னு நீங்க சொன்னதை நானும் ஒத்துக்கறேன், மேரி ஸ்டோப்ஸ் பத்திப் படிக்கும்போது அதே யோசனைதான் வந்துச்சு, 1921ல லண்டன்ல கருத்தடை கிளினிக் திறந்து எத்தனையோ ஏழைப் பெண்களுக்கு வழி காட்டினவங்க, ஆனா யார் பிள்ளை பெத்துக்கலாம், யார் பெத்துக்கக் கூடாதுன்னு மனுஷங்களைத் தரம் பிரிக்கற கொள்கையையும் நம்பினவங்க, 2020ல அவங்க பேர்ல நடந்துக்கிட்டிருந்த அமைப்பே அந்தப் பேரை எடுத்துடுச்சு. ரெண்டையும் சேர்த்துதான் எழுதணும்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. இப்ப உயிரோட இருக்கறவங்கள்ல யாரைச் சொல்வீங்க?

---

படிகம்:

ஜோசலின் பெல் பர்னெல். வட அயர்லாந்துல பிறந்தவங்க. 1967ல கேம்பிரிட்ஜ்ல பிஎச்டி மாணவி, ரேடியோ தொலைநோக்கிக்குக் கம்பி கட்டற வேலையிலேர்ந்து கூட இருந்து செஞ்சவங்க. அதுலேர்ந்து நாளெல்லாம் ஓடி வர்ற பேப்பர் சார்ட்டை அடி அடியா கண்ணால பார்த்துக்கிட்டு வரும்போது ஒரு இடத்துல சின்னதா ஒரு கிறுக்கல், வேற யாராவது இருந்தா விட்டுட்டுப் போயிருப்பாங்க. இவங்க விடாம வேகமா ஓட்டிப் பதிவு பண்ணிப் பார்த்தா 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு, அப்படியே சீரா. அதுதான் முதல் பல்சர், அதாவது வேகமா சுத்திக்கிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற நட்சத்திரம். 1974 நோபல் அவங்க கைடுக்கும் இன்னொருத்தருக்கும் போச்சு.

2018ல அவங்களுக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒண்ணு குடுத்தாங்க. முழுப் பணத்தையும் இயற்பியல் நிறுவனத்துக்கிட்ட குடுத்து, பெண்கள், அகதிகள், சிறுபான்மையினர்னு இந்தத் துறைக்குள்ள வர வழியில்லாதவங்க பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் இயற்பியல்ல பிஎச்டி பண்ண உதவித்தொகையா மாத்திட்டாங்க. அந்த ஃபண்ட் இன்னும் ஓடுது, உங்களுக்குத் தெரிஞ்ச ஸ்டூடண்ட்ஸ் யாராவது அங்க அப்ளை பண்றாங்கன்னா பெல் பர்னெல் பேர்ல இருக்கிற உதவித்தொகையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க.